லாரியில் அடிபட்ட படகு யார் கணக்கில்?

பாய்மரப் படகு அலையில் மாட்டி உடைந்தால் ஓட்டியவர் தன்னையோ காற்றையோ நொந்துகொள்வார். விஷயம் அதோடு முடிந்தது. அதே படகு நெடுஞ்சாலையில் லாரி மேல் போகும்போது நசுங்கினால், ஒரு கும்பலே வரிசைகட்டி நின்று கைவிரிக்கும். விற்றவர், ஏற்றிவிட்ட படகுத்துறை, நடுவில் பேசி முடித்த புரோக்கர், லாரி முதலாளி, அவருடைய இன்சூரன்ஸ்காரர். ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருப்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் எல்லாருமே நல்லவர்கள்.

ஹூஸ்டனில் எனக்குச் சரக்கு நஷ்டஈடு பார்க்கும் வேலை. உடைந்த டைல்ஸ், நனைந்த காகிதச் சுருள், கதவு நசுங்கிய ஃபிரிட்ஜ் என்றுதான் ஃபைல்கள் வரும். படகு வருவது அபூர்வம். இது அலுவலகம் வழியாக வரவில்லை, ஒரு நண்பர் வழியாக வந்தது. தூத்துக்குடிக்காரர். தாத்தா காலத்தில் கொழும்புக்குத் தோணி விட்ட குடும்பம் என்று சொல்லிக்கொள்வார். தாத்தா கதையில் எவ்வளவு தோணி, எவ்வளவு காற்று என்று நான் கேட்டதில்லை. ஹூஸ்டன் பக்கம் கெமாவில் படகு நிறுத்த ஓர் இடத்தை முதலில் வாடகைக்குப் பிடித்துவிட்டு, அப்புறம் படகு தேடிய மனிதர் அவர்.

அகப்பட்டது காட்டலினா 27. மிச்சிகன் மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கும் மஸ்கீகன் என்ற ஊரில். நன்னீரில் கிடந்த படகுக்கு உப்பு அரிப்பு கிடையாது என்பதால் தெற்கே இருப்பவர்கள் வடக்கே போய் வாங்குவது வழக்கம்தான். 1971இல் தொடங்கி சுமார் இருபது வருடங்களில் இந்த மாடலில் ஆறாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நாற்பது வயதுப் படகு, விலை குறைவு. லாரி வாடகை அந்த விலையில் முக்கால்வாசி. ஏனென்றால் படகின் அகலம் 8 அடி 10 அங்குலம். அமெரிக்க நெடுஞ்சாலையில் அனுமதியில்லாமல் போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். அந்த நாலு அங்குலத்துக்காகத் தாண்டுகிற ஒவ்வொரு மாநிலத்திலும் தனி பெர்மிட் வாங்க வேண்டும், பெரும்பாலும் பகலில் மட்டுமே ஓட்ட வேண்டும். அந்தச் செலவெல்லாம் வாடகையில்தான் ஏறும்.

படகு டிரெய்லரில் எப்படி உட்கார வேண்டும் என்பது தெரிந்தால்தான் சண்டையின் பாதி புரியும். இந்தப் படகு மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் சுமார் ஒன்றேகால் டன், அடியில் போல்ட்டு போட்டுத் தொங்கும் ஈயம். அதற்குக் கீல் என்று பெயர். லாரியில் முழுப் பாரமும் இந்தக் கீல் மேல்தான் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் தலை வைத்த ஜாக்கிகள் உண்டு. அவை படகு சாயாமல் அணைத்துப் பிடிப்பதற்கு மட்டும், தூக்கிப் பிடிப்பதற்கு அல்ல. அந்த ஜாக்கித் தலைகள், உள்ளே குறுக்குப் பலகை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் வெளியே பட வேண்டும். அங்கேதான் உடம்புக்குப் பலம். நடுவில் வெறும் ஃபைபர் தகட்டில் அழுந்தினால், ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு பாலத்து மூட்டுக்கும் அது உள்ளே போய் வெளியே வரும். ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேல் அப்படி ஆடினால் என்ன ஆகும்?

கெமாவில் லாரி வந்து நின்ற காலையில் எனக்கு போன்.

“அண்ணாச்சி, முன்னாடி கம்பி வளைஞ்சு கிடக்கு. டிரைவர் பேப்பர்ல கையெழுத்து போடச் சொல்லுதான். கிரேன்காரன் வேற மணிக்கணக்குல காசுங்கான். போடவா வேண்டாமா?”

“போடுங்க தம்பி. ஆனா வெறும் கையெழுத்து போடாதீங்க. கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் அந்தப் பேப்பர்லயே எழுதி, அதுக்குக் கீழே போடுங்க.”

“பிறகு பார்த்துச் சொல்லுதேன்னு எழுதினா போதுமா?”

“போதாது. என்ன வளைஞ்சிருக்கு, எந்தப் பக்கம், எத்தனை அங்குலம். அதை எழுதுங்க. டிரைவரையும் கையெழுத்து போடச் சொல்லுங்க. மாட்டேன்னா, ‘மறுத்தார்’னு எழுதுங்க.”

‘பரிசோதனைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்’ என்று பொதுவாக எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வாக்கியத்துக்கு எங்கள் மேஜையில் மதிப்பு மிகக் குறைவு. அதை எல்லாரும் எல்லாச் சரக்குக்கும் எழுதுகிறார்கள். ‘முன்முனைக் கைப்பிடிக் கம்பி வலப்பக்கம் வளைந்து, இரண்டு போல்ட்டு பிடுங்கியிருக்கிறது’ என்று எழுதியிருந்தால் அதை மறுக்க வாய் வராது. வாடகைப் பாக்கியை நிறுத்தி வைக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பாக்கி தராவிட்டால் படகை இறக்க மாட்டான், அப்புறம் காத்திருந்த கூலி என்று அவன் உங்கள்மேல் ஒரு கணக்கு எழுதுவான். வாடகை வேறு, நஷ்டஈடு வேறு.

மாலையில் நானும் போய்ப் பார்த்தேன். நாலு காயம். முன்முனைக் கம்பி. பின்பாதியில், நீர்க்கோட்டுக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம். பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த, முன்பாயைச் சுருட்டும் அலுமினியக் குழல் நடுவில் மடங்கியிருந்தது. கடைசியாக, கீல் படகோடு சேரும் இடத்தில், முன்னோரத்தில் ஒரு நீள விரிசல்.

இனி சட்டம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் போகும் சரக்குக்குக் கார்மாக் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. 1906இல் ரயில்வே கம்பெனிகளை அடக்க வந்த ஹெப்பர்ன் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால், சரக்கு நாலு ரயில் கம்பெனி கைமாறி உடைந்து வந்தால், யார் தண்டவாளத்தில் உடைந்தது என்று சரக்குக்காரரே துப்பறிய வேண்டும். கார்மாக் அந்தத் தொல்லையை ஒழித்தது. (இதைக் கொண்டுவந்த டென்னசி செனட்டர் எட்வர்ட் கார்மாக், 1908இல் நாஷ்வில் தெருவில் அரசியல் பகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே நின்ற அவர் சிலையை 2020 மே மாதம் போராட்டக்காரர்கள் இழுத்துச் சாய்த்தார்கள். நான் தினமும் எழுதுகிற பெயருக்குப் பின்னால் இப்படி ஓர் ஆள்.)

அந்தச் சட்டப்படி நீங்கள் காட்ட வேண்டியவை மூன்று. ஒப்படைக்கும்போது நன்றாக இருந்தது, வந்து சேரும்போது கெட்டிருந்தது, நஷ்டம் இவ்வளவு. டிரைவர் அஜாக்கிரதையாக ஓட்டினாரா, எந்தப் பாலத்தில் இடித்தார் என்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை. இந்த மூன்றையும் காட்டிவிட்டால் பந்து லாரிக்காரர் பக்கம் போய்விடும். அவர் தப்பிக்க வேண்டுமானால் இரண்டை நிரூபிக்க வேண்டும்: தன்மேல் கவனக்குறைவு இல்லை, சேதத்துக்குக் காரணம் ஐந்தில் ஒன்று. இயற்கைச் சீற்றம், எதிரி நாட்டுப் படை, சரக்கு அனுப்பியவரின் செயல், அரசாங்க உத்தரவு, சரக்கிலேயே உள்ள குணக்கேடு. இரண்டில் ஒன்று மட்டும் போதாது. 1964இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு முலாம்பழத்தைப் பற்றியது. டெக்சாஸிலிருந்து சிகாகோவுக்கு ரயிலில் போன பழம் கெட்டுப்போனது. ரயில்வே தன் வேலையைச் சரியாகச் செய்தது என்று ஜூரியே சொல்லிவிட்டது. ஆனால் பழத்தின் குணத்தால்தான் கெட்டது என்று ரயில்வேயால் நிரூபிக்க முடியவில்லை. பணம் கட்ட வேண்டியதாயிற்று. அழுகும் பழத்துக்கே அப்படி என்றால் ஃபைபர் படகு எம்மாத்திரம்.

இவ்வளவு பலம் இருந்தும் மக்கள் தோற்பது முதல் படியில்தான். ‘ஒப்படைக்கும்போது நன்றாக இருந்தது’ என்பதற்குப் பில் ஆஃப் லேடிங், அதாவது நம்மூர் லாரி ரசீது மாதிரியான காகிதம், சாட்சி. டிரைவர் அதில் குறை எதுவும் எழுதாமல் எடுத்துப் போனால் நல்லது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும். மூடிக்கிடக்கும் உள்பக்கத்துக்கு வேறு சாட்சி வேண்டும். நண்பர் படகு வாங்குமுன் மஸ்கீகனில் ஒரு சர்வேயரை வைத்துப் பார்த்திருந்தார். அந்த அறிக்கைதான் எங்களைக் காப்பாற்றியது, ஓர் இடத்தில் கவிழ்க்கவும் செய்தது. அதற்கு வருகிறேன்.

முதல் ஒரு மாதம் யாரிடம் கேட்பது என்பதிலேயே போனது. நண்பர் பணம் பேசியது லாரி பிடித்துக் கொடுத்த புரோக்கரிடம். புரோக்கர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘முழு இன்சூரன்ஸ் உண்டு’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. விபத்தென்றதும் “நாங்கள் புரோக்கர் மட்டுமே” என்றார்கள். அது சட்டப்படி உண்மைதான். சரக்கைச் சுமந்தவர்தான் கார்மாக் கீழ் பொறுப்பு, தானே சுமப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒழிய புரோக்கர் அதில் வர மாட்டார். புரோக்கர்கள் அரசிடம் 75,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் படகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது முக்கியமாக, புரோக்கர் லாரிக்காரருக்குத் தர வேண்டிய வாடகையைத் தராமல் போனால் அதற்காக.

அடுத்த மயக்கம் 7,50,000 டாலர். லாரிக்காரருக்கு இவ்வளவு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று மத்திய மோட்டார் வாகன அமைப்பின் இணையதளத்தில் எண்ணைப் போட்டாலே தெரியும். நண்பர் அதைத் திரைப்பிடி எடுத்து எனக்கு அனுப்பி, “அண்ணாச்சி, காசு கிடக்குல்லா!” என்றார். அந்தப் பணம் லாரி மோதி அடிபட்டவர்களுக்கும் அவர்கள் சொத்துக்கும். லாரி மேல் இருக்கும் சரக்குக்கு அதில் ஒரு காசு கிடையாது. சாதாரணச் சரக்குக்கு லாரிக்காரர் இன்சூரன்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற மத்திய விதியை 2011 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சாமான் ஏற்றுபவர்களுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது, அதுவும் வண்டிக்கு 5,000 டாலர். ஆகவே வண்டி ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது சரக்கு இன்சூரன்ஸ் சான்றிதழை. அதை லாரிக்காரரின் ஏஜென்ட் நேரடியாக அனுப்ப வேண்டும். லாரிக்காரரே எடுத்து அனுப்பும் போட்டோ வேண்டாம்.

எங்கள் லாரிக்காரரிடம் சரக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கம்பெனி மறுத்துவிட்டது. “இன்சூரன்ஸே மறுத்துட்டான், நான் என்ன செய்ய” என்றார் முதலாளி. ஒற்றை லாரி வைத்து ஓட்டும் மனிதர், குரலில் உண்மையான கவலை இருந்தது. இந்தப் பதிலை நான் அலுவலகத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் என்பது அவருக்கும் அவர் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. அது கை கொடுக்காவிட்டாலும் அவர் பொறுப்பு அவரிடமே இருக்கிறது. சின்ன லாரிக்காரர்கள் முதல் கடிதத்துக்கு முரண்டு பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாலிசியில் முதல் சில ஆயிரம் டாலர் அவர்கள் சொந்தப் பையிலிருந்து போக வேண்டியிருக்கும். ஒரு டிரிப்பில் மிஞ்சுவதைவிட அது அதிகம்.

கோரிக்கைக் கடிதம் எழுதுவது ஒரு பக்க வேலை. எந்தச் சரக்கு என்று அடையாளம், நீங்கள்தான் பொறுப்பு என்ற ஒரு வாக்கியம், தொகை. தொகை எழுதாமல் ‘தகுந்த நஷ்டஈடு தருக’ என்று எழுதினால் அது கோரிக்கையே ஆகாது. கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். 120 நாளுக்குள் கொடுக்கிறேன், மாட்டேன், இவ்வளவு தருகிறேன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘24 மணி நேரத்துக்குள் தெரிவிக்காத சேதத்துக்குப் பொறுப்பில்லை’ என்றிருந்தது. கார்மாக் உரிமையை எழுத்தில் வெளிப்படையாக விட்டுக்கொடுத்திருந்தால் ஒழிய, அந்த வரிக்கு உயிரில்லை. கோரிக்கைக்குக் குறைந்தது 9 மாதம், மறுப்பு வந்த பின் வழக்குக்குக் குறைந்தது 2 வருடம். அதற்குக் கீழே லாரிக்காரர் குறைக்க முடியாது. தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் அதற்குச் சரக்குக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். எங்கள் பில்லில் மதிப்பு எழுதும் கட்டம் காலியாகக் கிடந்தது. நல்லவேளை.

இனி நாலு காயங்கள். முன்முனைக் கம்பிக்குப் பேச்சே இல்லை. மஸ்கீகனில் எடுத்த போட்டோவில் நேராக நிற்கிறது. கெமாவில் டிரைவரே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் வளைந்திருக்கிறது.

பள்ளத்துக்குக் கெமாவில் இன்னொரு சர்வேயரைக் கூட்டி வந்தோம். வயதானவர், மண்டியிட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலால் படகைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாக ஒலித்தது. பள்ளத்தை நெருங்க நெருங்க ஒலி மொத்தையாகி, ‘தொப்’ என்றது. தொப் என்ற இடத்தையெல்லாம் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டார். கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்தைப்போல் இரண்டு மடங்கு வட்டம். பிறகு உள்ளே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காட்டினார்: குறுக்குப் பலகையைப் படகின் உடம்போடு பிணைக்கும் ஃபைபர் பட்டை, ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. வெளியே ஜாக்கித் தலையின் கறுப்பு ரப்பர் தடம் அப்படியே இருந்தது, குறுக்குப் பலகைக்கு ஓரடி தள்ளி. லாரிக்காரர் சொன்னது: “படகுத்துறைக் கிரேன்தான் ஏற்றியது.” ஏற்றியது கிரேன்தான். ஜாக்கிகளைத் திருகி இறுக்கியது டிரைவர். மஸ்கீகன் படகுத்துறை கேமராவில் அது பதிவாகியிருந்தது. கேட்டவுடனே அனுப்பிவைத்தார்கள், அவர்களுக்கும் தலை தப்ப வேண்டுமே.

அலுமினியக் குழல்தான் சுவாரசியமானது. பாய்மரத்தைக் கழற்றி, கயிறு கம்பிகளோடு கட்டி வைத்தது விற்றவரின் ஏற்பாடு. நடுவில் தாங்கலே இல்லாமல் இரண்டு முனையில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். சரக்கு அனுப்பியவரின் செயல் என்று லாரிக்காரர் பிடித்துக்கொண்டார். இதற்கு 1953இல் சாவேஜ் டிரக் லைன் என்ற வழக்கில் வந்த தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். சரக்குக்காரரே தப்பாகக் கட்டியிருந்தாலும், அந்தத் தப்பு டிரைவர் சாதாரணமாகப் பார்த்தாலே தெரியக்கூடியது என்றால், லாரிக்காரர் பொறுப்புதான். பார்த்தால் தெரியாத உள்குறை என்றால் சரக்குக்காரர் தலையில். தாங்கல் இல்லாமல் தொங்கும் இருபது அடிக்கு மேற்பட்ட குழல் டிரைவர் கண்ணில் படாமல் போகுமா? ஆனால் பாதிக் குழல் தார்ப்பாயால் மூடியிருந்தது என்பதும் போட்டோவில் இருந்தது. இதில் பாதிக்குப் பாதி பேசலாம் என்றேன். நண்பருக்கு விருப்பமில்லை.

கீல் விரிசலில் அவருக்கு இன்னும் கோபம். அதைச் சரிசெய்யும் செலவுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் கீல் சேருமிடத்தில் முன்னோரம் வாய் பிளப்பது இந்தக் கம்பெனிப் படகுகளுக்கே உரிய வியாதி. படகுக்காரர்கள் ‘காட்டலினா ஸ்மைல்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். வாங்குமுன் எடுத்த மஸ்கீகன் சர்வே அறிக்கையிலேயே ‘கீல் இணைப்பில் முன்புறம் மயிரிழை விரிசல்’ என்று ஒரு வரி இருந்தது. பயணத்தில் அகலமாகியிருக்கலாம். எவ்வளவு அகலமானது என்று யாராலும் காட்ட முடியாது.

“ஏற்கெனவே இருந்த விரிசல்னு அவனுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? அந்த அறிக்கைய நாம காட்டாட்டி?”

“உள்பக்கம் நல்லா இருந்துச்சுன்னு காட்ட நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த அறிக்கைதான் தம்பி. பாதியைக் கிழிச்சிட்டு மீதியைக் காட்ட முடியாது.”

கீலைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். எடுத்தது நல்லதாகவே போயிற்று. அதையும் சேர்த்திருந்தால் பழைய படகின் சந்தை மதிப்பைச் செலவு தாண்டியிருக்கும். பிறகு பேச்சு முழுக்கப் படகுக்கு விலை என்ன என்பதில் போய் நின்றிருக்கும். எடுத்த பிறகு தொகை 10,000 டாலருக்குள் வந்தது. அந்த எல்லைக்குள் இருந்தால், நாம் மாநில நீதிமன்றத்தில் போடும் கார்மாக் வழக்கை லாரிக்காரர் மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்துப் போக முடியாது. டெக்சாஸில் 20,000 டாலர் வரை சின்ன வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம் உள்ளூரிலேயே உண்டு, வக்கீல் இல்லாமலே நிற்கலாம். இதையெல்லாம் இரண்டாவது கடிதத்தில் மரியாதையாக எழுதினேன். மெழுகுப் பென்சில் வட்டம், ரப்பர் தடம், கேமராப் படம் மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டினேன்.

அந்தப் பக்கத்தை லாரி முதலாளி தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பியதும் அவர்கள் ஃபைலை மறுபடி திறந்தார்கள். கம்பிக்கும் பள்ளத்துக்கும் முழுசு, குழலுக்குப் பாதி. வந்த விடுதலைப் பத்திரத்தில் ‘இந்தப் பயணம் தொடர்பான எல்லா நஷ்டங்களுக்கும்’ என்றிருந்ததை, பெயர் சொன்ன மூன்று நஷ்டங்களுக்கு மட்டும் என்று மாற்றச் சொன்னோம். கொஞ்சம் முனகிவிட்டு மாற்றினார்கள். காசோலை வந்தது.

இப்போது நண்பருக்குக் கெமா சலித்துவிட்டது, படகை ஆஸ்டின் பக்கம் டிராவிஸ் ஏரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறார். அது டெக்சாஸுக்குள்ளேயே போகும் பயணம். கார்மாக் அங்கே வராது, மாநிலச் சட்டமும் லாரிக்காரரோடு போடும் ஒப்பந்தமும்தான். முதலில் உங்கள் படகு பாலிசியில் தரைவழிப் பயணம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மைல் வரை என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு லாரி தேடலாம் என்று சொல்லியிருக்கிறேன். “அண்ணாச்சி, நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்” என்கிறார்.